கடல்மல்லை போகும் வழியில்

செங்கற்பட்டின் பெயரை அறியாத தமிழர் இல்லை. செங்கற்பட்டில் இறங்கிப் பார்த்த தமிழர்தான் குறைவு. தென் ஜில்லாக்களிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள், வண்டி இங்கே வந்து நின்றதும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, "அப்பாடா, பட்டணம் வந்துவிட்டது!" என்று பெருமூச்சு விடுவார்கள். சென்னையிலிருந்து புறப்படுகிறவர்களோ இதே நிலையத்தில்தான் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்ப்பார்கள். மூட்டை கட்டுவதற்கும் மூட்டை அவிழ்ப்பதற்கும் உரிய இடம் என்ற அளவில்தான் இந்த ஊரின் கீர்த்தி தமிழ்நாட்டில் பரவியிருக்கிறது.

இது நியாயம் அல்ல. ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தாலே கொளவாய் ஏரி கண்ணுக்கு விருந்தளிக்கும். செங்கழுநீர்ப் பூக்கள் நிறைந்திருந்தபடியால் செங்கழுநீர்ப்பட்டு என்று வழங்கிய ஊர்தான் பிற்காலத்தில் செங்கற்பட்டு ஆயிற்று என்று சொல்வார்கள். விஜயநகர மன்னர் காலத்துக் கோட்டை ஒன்று இங்கே உண்டு. 1751-ல் பிரெஞ்சுக்காரர் பக்கத்தார் அதைப் பிடித்தார்கள். மறு வருஷமே கிளைவ் பீரங்கிகளோடு வந்து அதைக் கைப்பற்றினான். அந்நியர் இருவர் நம் வீட்டுத் திண்ணைக்காகச் சண்டையிட்ட கதை அது. பாடப் புத்தகங்களில் அதற்கு இடம் கிடைத்துவிட்டது.

எனக்கு அந்தப் பீரங்கிச் சரித்திரத்தைக் காட்டிலும் மேலாகத் தோன்றுவது இவ்வூரின் இன்னொரு சரித்திரம். செங்கற்பட்டை அடுத்த திருமணி என்னும் இடத்தில், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், ஸ்காத்லாந்து தேசத்துப் பாதிரிமார் தொழுநோயாளருக்கென்று ஒரு வைத்தியசாலை அமைத்தார்கள். டாக்டர் ராபர்ட் காக்ரேன் என்பவர் அங்கேயிருந்துகொண்டு, அந்த நோய்க்குப் புதிய மருந்துகளைப் பரீட்சித்துப் பார்த்தார். காந்தியடிகள் தமது நிர்மாணத் திட்டத்தில் தொழுநோயாளர் சேவையையும் ஓர் அம்சமாக வைத்திருந்தார் அல்லவா? சுதந்திர இந்தியாவின் சர்க்கார் 1955-ல் அந்த வைத்தியசாலையைத் தானே ஏற்று, நாடு முழுவதற்கும் பயன்படும் ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது.

தொழுநோயில் விரல்கள் குறைந்து போவது கிருமியின் நேரடி வேலை என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்டு என்பவர் உண்மையைக் கண்டு சொன்னார். அந்த நோய் உணர்ச்சியைக் கொன்றுவிடுகிறது. உணர்ச்சியற்ற காலில் முள் தைத்தாலும் தெரிவதில்லை, நெருப்புச் சுட்டாலும் தெரிவதில்லை. தெரியாத காயம் புண்ணாகிப் புரையோடுவதால்தான் விரல்கள் போகின்றன. ஆகவே மருந்தோடு கூட, நல்ல மெத்தென்ற பாதரட்சையும் நோயாளிக்கு அவசியம் என்பது விளங்கிற்று. நீரிழிவுக்காரர்களுக்கு வைத்தியர்கள் இன்று சிபாரிசு செய்கிற மிருதுவான ரப்பர்ச் செருப்பு, இப்படித் தொழுநோயாளரின் பாதங்களுக்காகப் பரவியதுதான். வலி என்பது கடவுள் தந்த சாபமல்ல, காவற்காரன் என்று தெரிந்துகொள்ள மனிதருக்கு இத்தனை காலம் வேண்டியிருந்தது!

இந்தப் பாத புராணத்தை இங்கே விரிப்பதற்குக் காரணம் உண்டு. எழுபத்து நான்கு வயதான என் தாயாருக்கு இருபது வருஷமாக நீரிழிவு. சில வருஷங்களாகப் பாதத்தில் உணர்ச்சி மந்தம். "வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது" என்பது வைத்தியர் கட்டளை. "பெருமாள் சந்நிதி நீங்கலாக" என்பது தாயார் தாமே சேர்த்துக்கொண்ட திருத்தம்.

\* \* \*

என் தகப்பனார் காலமானது முதல் மூன்று வருஷமாகத் தாயார் காஞ்சீபுரத்து வீட்டைவிட்டு எங்கும் கிளம்பவில்லை. சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் தாமாகவே, "கடல்மல்லைப் பெருமாளைச் சேவிக்க வேண்டும். அப்பா அழைத்துப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்" என்றார். மறு வார்த்தை பேசாமல் புறப்பட ஏற்பாடு செய்தோம். தாயார், என் மனைவி, எட்டாம் வகுப்பு முடித்த பெண், ஐந்தாம் வகுப்பு முடித்த பையன், நான் ஆக ஐந்து பேர்.

விஷயம் தெரிந்து வந்த என் மைத்துனர் பிரயாண உபதேசம் ஒன்று செய்தார். "அங்கே யாரிடமும் வாய் கொடுக்காதீர்கள். சங்கு மாலை என்ன விலை என்று ஒரு தடவை கேட்டால் போதும், ஊர் எல்லை வரையில் பின்னாலேயே வருவார்கள். இலவசமாய் எவனாவது வழி காட்டினால் பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். குழந்தைகள் இதைச் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

விடியற்காலை ரயிலில் செங்கற்பட்டு வந்து, அங்கிருந்து பஸ் ஏறினோம். கடல்மல்லைக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். பாதி வழியில் திருக்கழுக்குன்றம். குன்றின் உச்சியில் வேதகிரீசுவரர் கோயில் இளவெயிலில் பளிச்சென்று தெரிந்தது. கங்கையில் நீராடிவிட்டு வரும் இரண்டு கழுகுகள் உச்சிவேளையில் இங்கே வந்து அமுது உண்டு போகும் என்பது ஐதிகம். உண்மையாகவே இரண்டு வெண்கழுகுகள் தலைமுறை தலைமுறையாக வந்து, அர்ச்சகர் கையால் பொங்கல் சாப்பிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். என் தாயாரும் ஒருவர். சென்ற நூற்றாண்டின் கடைசியில் அவற்றின் வரவு நின்றுவிட்டது. அதே காலத்தில்தான் தேசம் எங்கும் கழுகினம் அருகிப்போயிற்று. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலி மருந்து, அந்த மாடுகளின் உடலைத் தின்ற கழுகுகளைக் கொன்றது என்று கண்டறிந்து, கால்நடைகளுக்கு அதைத் தருவதை 2006-ல் தடை செய்தார்கள்.

"ஊர் பேர் தெரியாத பட்சிக்குச் சோறு வைத்துக்கொண்டு ஓர் ஊரே காத்திருந்ததே!" என்றார் தாயார், பஸ் ஜன்னல் வழியாகக் குன்றைக் கும்பிட்டுக்கொண்டே.

அந்தக் குன்றில் பல்லவர் காலத்து ஒருகல் மண்டபம் ஒன்று உண்டு. அதில் பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களை வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் வாலிபர்கள் கோயில் சுவரில் பெயர் கீறுவதைக் கண்டு நொந்துகொள்ளும் நாம், இந்தக் கலைக்கு அயல்நாட்டு ஆசான்களும் இருந்தார்கள் என்று சிறிது ஆறுதல் அடையலாம்.

\* \* \*

காலை எட்டரை மணிக்குத் தலசயனப் பெருமாள் சந்நிதியில் நின்றோம். கல்தளம் இன்னும் குளிர்ந்திருந்தது. நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்றான இந்த ஸ்தலத்தில் பெருமாளுக்கு ஆதிசேஷன் படுக்கை இல்லை, வெறுந்தரையில் சயனித்திருக்கிறார். ஏன் என்பதற்கு அழகான கதை ஒன்று உண்டு.

புண்டரீகர் என்ற முனிவர் கூடை நிறையத் தாமரை பறித்துக்கொண்டு, பாற்கடலில் இருக்கும் பெருமானின் பாதத்தில் சேர்க்க வேண்டுமென்று இந்தக் கரைக்கு வந்தார். கடல் குறுக்கே நின்றது. கடலை இறைத்து வழி உண்டாக்குவது என்று தீர்மானித்து, இரண்டு கைகளாலும் தண்ணீரை வாரி வாரிக் கொட்டலானார். அப்போது யாரோ ஒரு கிழவர் வந்து, "பசிக்கிறது, சோறு கொண்டு வா" என்றார். "எனக்கு வேலை இருக்கிறதே" என்றார் முனிவர். "நீ போய் வா, அதுவரையில் நான் இறைக்கிறேன்" என்று கிழவர் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டார். முனிவர் சோற்றோடு திரும்பி வந்தபோது, கிழவர் அந்தத் தாமரைகளைத் தம் பாதத்தில் சூடிக்கொண்டு தரையிலே படுத்திருந்தார்!

கடலை இறைக்க முடியுமா என்று அந்தக் கிழவர் முனிவரிடம் தர்க்கம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்நியன் ஒருவனின் அசட்டுக் காரியத்தில் பங்கு கொண்டார், அவ்வளவுதான்.

பூதத்தாழ்வார் அவதரித்ததும் இதே கடல்மல்லையில்தான். அவரைப் பற்றிய கதையும் இதே ஜாதியைச் சேர்ந்ததே. திருக்கோவலூரில் ஒருநாள் இரவு இருட்டும் மழையுமாக இருந்தது. ஒரு வீட்டின் குறுகலான இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தார் வந்து கதவைத் தட்டினார். ஒருவர் படுக்கக்கூடிய இடத்தில் இருவர் உட்காரலாம் என்று அவர் எழுந்து இடம் கொடுத்தார். பிறகு பேயாழ்வார் வந்தார். இருவர் உட்காருமிடத்தில் மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நின்றார்கள். அதுவரையில் ஒருவரையொருவர் அறியாத அந்த மூன்று பேருக்கும் நடுவே நாலாவதாக ஒருவர் வந்து நெருக்கினார் என்றும், அவர் யார் என்று தெரிந்தபோது பாசுரம் பிறந்தது என்றும் பெரியோர் சொல்வர். தமிழ் வேதத்தின் முதல் மூன்று அந்தாதிகளும், முன்பின் தெரியாதவனுக்குத் திண்ணையில் இடம் விட்டதால் கிடைத்தவை.

\* \* \*

சேவை முடிந்து, கங்கை இறங்கும் அந்த மகத்தான பாறைச் சிற்பத்தைப் பார்த்தோம். தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிக் காலடியில் வந்து நிற்கும் எலிகளையும் கண்டு பையன் விழுந்து விழுந்து சிரித்தான். கோவர்த்தன மலையின் கீழே, கன்றை நக்கும் பசுவையும் பால் கறக்கும் ஆயனையும் விட்டுப் பெண் நகர மறுத்தாள். மழைக்கு ஒதுங்கிய இடத்திலும் கறவை நிற்கவில்லை பாருங்கள்! உலகப் பொதுச் சொத்து என்று 1984-ல் ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனம் இவற்றை ஏற்றுக்கொண்டது. பசுவையும் பூனையையும் செதுக்கிய சிற்பி அதற்கு ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பே உலகத்துக்குப் பொதுவானவனாக இருந்தான்.

தாயாருக்கு வராக மண்டபத்தைப் பார்க்க ஆசை. பூமிதேவியை ஏந்திய வராகரையும், உலகளந்த திரிவிக்கிரமரையும் அங்கே தரிசிக்கலாம். மனைவியும் குழந்தைகளும் வெண்ணெய்ப் பாறையைத் தள்ளிப் பார்க்கப் போய்விட்டார்கள். நானும் தாயாரும் மெதுவாகக் குன்றின் மேல் ஏறினோம். தாயார் வராகரின் முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கத்திரி வெயில். பாறை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது.

சரிவில் பாதி இறங்கியிருப்போம். தாயாரின் செருப்பு வார் பட்டென்று அறுந்தது.

என் செருப்பைக் கழற்றி அவர் காலடியில் வைத்தேன். அதன் மேல் நிற்கலாமே தவிர, அவ்வளவு பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு சரிவில் நடக்க அவரால் முடியவில்லை. இரண்டடி வைத்ததும் வழுக்கிற்று. தூக்கிப் போகிறேன் என்றேன். "சும்மா இருடா, இரண்டு பேரும் உருளுவோம்" என்றார். மனைவியைக் கைப்பேசியில் அழைத்தேன்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிழலும் பாதையும் முப்பது கஜ தூரத்தில் இருந்தன. அவரைத் தனியே விட்டுப் போகவும் முடியாது. வெறுங்காலோடு அந்தப் பாறையில் நான் ஆடிய ஆட்டத்தைப் பல்லவச் சிற்பி கண்டிருந்தால் அதையும் ஓர் ஓரத்தில் செதுக்கி வைத்திருப்பான். ஆனால் எனக்குச் சுட்டது. அதுதான் நல்ல செய்தி. தாயாரோ, "எனக்கு ஒன்றும் சுடவில்லை, இப்படியே நடந்துவிடுகிறேன்" என்றார். என் வயிற்றில் நெருப்பை வைத்தது அந்த வார்த்தைதான்.

கீழே ஒரு வேப்பமரத்தடியில் நுங்கு விற்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். நுங்குக் குலைகளைக் குவித்து, ஈரக் கோணிச் சாக்குகள் இரண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். அவர் எங்களை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அந்த இரண்டு சாக்குகளையும் உருவிப் பானைத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு, விறுவிறு என்று மேலே ஏறி வந்தார்.

"பெரியம்மா, அப்படியே நில்லுங்க. இது மேல காலை வையுங்க."

ஒரு சாக்கைத் தாயாரின் காலடியில் விரித்தார். தாயார் அதன்மேல் நின்றதும் இன்னொன்றை அதற்கு முன்னால் விரித்தார். தாயார் அதற்கு மாறியதும் பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் போட்டார். இப்படியே ஒன்று மாற்றி ஒன்று. ஒரு பக்கம் என் தோளைத் தாயார் பிடித்துக்கொண்டார். பட்டாபிஷேகத்துக்குப் போகிற மகாராணிக்குக்கூட இப்படி யாரும் நடைபாவாடை விரித்திருக்க மாட்டார்கள். சாக்கு படும் இடமெல்லாம் பாறையிலிருந்து ஆவி எழும்பிற்று.

பாதி வழி வந்தபோது, கீழே பெரிய மோட்டார் வண்டி ஒன்று அவர் கடையோரம் வந்து நின்றது. அதிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஹாரனை அடித்தார்கள், கையைத் தட்டினார்கள். "ஐயா, வியாபாரம்..." என்று நான் சொன்னேன். அவர் தலையைத் திருப்பவில்லை. "காலைப் பார்த்து வையுங்க பெரியம்மா" என்றார். வண்டி கிளம்பிப் போய்விட்டது. மூடுசாக்கு இல்லாத நுங்குகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

மரத்தடியில் தாயாரைத் தம் மணைமேல் உட்கார வைத்து, பாதத்தில் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கால் இரண்டையும் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"கொப்புளம் இல்லீங்க. சர்க்கரை வியாதிதானே?"

"எப்படித் தெரிந்தது?" என்றேன்.

"சுடுற பாறையில அசையாம நிக்கறாங்களே சார். எங்க அம்மாவுக்கு இப்படித்தான். தார் ரோட்டுல நடந்துட்டு ஒண்ணும் இல்லேன்னாங்க. அப்புறம் புண்ணு ஆறவே இல்லை. செங்கற்பட்டு ஆஸ்பத்திரியில ரெண்டு விரலை எடுத்தாங்க."

இதைச் சொல்லிக்கொண்டே அவர் கை சும்மா இருக்கவில்லை. அறுந்த செருப்பை எடுத்து, அரிவாள் நுனியால் ஒரு துளை போட்டு, பச்சைப் பனைநாரைக் கோத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். "ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும்" என்றார். அந்தச் செருப்பு காஞ்சீபுரம் வந்து சேரும் வரையில் தாங்கிற்று.

அதற்குள் மனைவியும் குழந்தைகளும் வந்துவிட்டார்கள். எல்லோருமாக ஒரு டஜன் நுங்கு சாப்பிட்டோம். கொடுத்த நோட்டுக்குச் சரியாகச் சில்லறை எண்ணிக் கொடுத்தார். மிச்சத்தை வைத்துக்கொள்ளும்படி வற்புறுத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார்.

"நுங்குக்குக் காசு வாங்கிட்டேன் சார். சாக்குக்கு வாடகை கிடையாது."

\* \* \*

"அவர் ஏன் அப்பா காசு வாங்கவில்லை? மாமா வேறு மாதிரி சொன்னாரே?" என்று பெண் கேட்டாள். கடற்கரைக் கோயிலின் நிழலில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசினோம்.

என் மைத்துனர் பொய் சொல்லவில்லை. சங்கு மாலை விற்கிறவர்கள் பின்னாலேயே வருவதும் மெய். வருஷத்தில் சில மாதங்கள் மட்டும் ஜனங்கள் திரண்டு வரும் ஊரில், அந்தச் சில மாதத்தில் சம்பாதித்ததை வைத்துத்தான் மற்ற மாதங்கள் அடுப்பு எரிய வேண்டும். ஐந்து நிமிஷம் நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறவனிடம் ஐந்து நிமிஷத்துக்குள் விற்றாக வேண்டும். அவசரம் அவர்கள் குணமல்ல. நாம் அவர்களுக்குக் கொடுக்கும் நேரத்தின் அளவு. விலை பேசும் நேரத்தில் மட்டும் ஒரு மனிதனைப் பார்த்துவிட்டு, அவன் முழுமையும் விலைதான் என்று எண்ணுவது சரியான கணக்கு ஆகாது.

இந்தச் சீமைக்கு வழிப்போக்கரை உபசரிப்பது புதிதல்ல. ஆற்காட்டு நவாப் 1763-ல் கும்பினியாருக்கு ஜாகீராக விட்டுக்கொடுத்த செங்கற்பட்டுச் சீமையை, 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற எஞ்சினீயர் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தார். சுமார் இரண்டாயிரம் கிராமங்களின் விவரம் அதில் அடங்கியிருக்கிறது. காந்தியவாதியான சரித்திர ஆராய்ச்சியாளர் தரம்பால் அந்தக் கணக்குகளைத் தேடியெடுத்து உலகறியச் செய்தார். களத்தில் நெல் அளக்கும்போதே, உழுதவன் வீட்டுக்குப் போகுமுன், கோயிலுக்கும் குளத்துக்கும் சத்திரத்துக்கும் ஊர்த் தொழிலாளருக்கும் இவ்வளவு என்று பங்கு ஒதுக்கும் வழக்கம் இருந்தது என்பது அவற்றிலிருந்து தெரிகிறது. நாளைக்கு எவன் வருவான் என்று தெரியாது. வருகிறவனுக்கு இன்றைக்கே நெல் அளந்தாயிற்று! கும்பினி ஆட்சியில் அந்தப் பங்குகள் வரியாகக் கரைந்தன. ஆனால் பழக்கம் என்பது செருப்பு வார் போல் ஒரே இழுப்பில் அறுந்து போவதில்லை.

குன்றின் உச்சியைக் குழந்தைகளுக்குக் காட்டினேன். அங்கே உலக்கணேசுவரர் கோயில் இருக்கிறது. பக்கத்திலே கலங்கரை விளக்கம் எழும்புவதற்கு முன், சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், அந்தக் கோயிலின் மேல்தளத்திலேதான் கப்பல்களுக்காக விளக்கு ஏற்றினார்கள். விளக்கு ஏற்றியவனுக்குக் கப்பலின் பெயர் தெரியாது. கப்பலில் இருந்தவனுக்கும் விளக்கு ஏற்றியவனின் பெயர் தெரியாது.

எதிரே அலை அடித்துக்கொண்டிருந்தது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை இதே கடல் உள்வாங்கிற்று. பிறகு ஊருக்குள் வந்தது. சாளுவன்குப்பத்தில் மணல் விலகி, பழைய முருகன் கோயில் ஒன்றின் அடையாளம் வெளிப்பட்டதைப் பத்திரிகைகள் வியந்து எழுதின. படகும் வலையும் வீடும் இழந்த மீனவர் எத்தனையோ பேர். பதினொரு வருஷம் கழித்து, 2015 டிசம்பரில், சென்னை நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, லாரிகளில் படகுகளை ஏற்றிக்கொண்டு நகரத்துத் தெருக்களுக்கு வந்து ஜனங்களைக் கரை சேர்த்தவர்கள் யார்? இந்தக் கரையோரத்து மீனவர்களே. மாடி மேல் நின்று கையை ஆட்டியவன் யார் என்று அவர்கள் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை.

"அப்படியானால் நாம் அவருக்கு எப்படித் திருப்பிச் செய்வது?" என்றாள் பெண்.

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது தாயார் சொன்னார்: "அவருக்கே திருப்பிச் செய்தால் அது கைமாற்று. புண்டரீகர் சோற்றைக் கிழவருக்குத்தான் கொண்டுவந்தார். கிழவருக்கா அது வேண்டியிருந்தது?"

\* \* \*

ஊர் திரும்பிய மறுநாள் தாயார் ஒரு பெரிய மண்பானை வாங்கி வரச் சொன்னார். வாசல் திண்ணை ஓரத்தில் மணல் பரப்பி, அதன்மேல் பானையை வைத்து, நாலு வெட்டிவேரையும் உள்ளே போட்டு, பக்கத்தில் இரண்டு டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தார். பானையைச் சுற்றி ஈரக் கோணிச் சாக்கு. கத்திரி முடியும் வரையில் நாளுக்கு இரண்டு தடவை நிரப்ப வேண்டியிருந்தது. தபால்காரர், வீடு வீடாய்ப் பொட்டலம் கொண்டுவரும் பையன்கள், பழைய காகிதம் வாங்குகிறவர், வழி தவறி எங்கள் தெருவில் நுழைந்த யாத்ரீகர்கள் என்று பலரும் குடித்தார்கள். முன்பெல்லாம் வாசலுக்கு வந்தவர்களின் ஊர், பேர், குலம், கோத்திரம் எல்லாம் விசாரிக்கிற தாயார், இவர்களில் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் சைக்கிளில் வந்த வாலிபன் ஒருவன், இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, பானையின் மூடி மேல் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்துவிட்டுக் கிளம்பினான். தாயார் உள்ளேயிருந்து பார்த்துவிட்டார். பனைநார் முடிச்சை இன்னும் அவிழ்க்காத அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, "தம்பி, சில்லறையை மறந்துவிட்டுப் போகிறாயே!" என்று கூப்பிட்டார்.